ஃபேன்டஸி ஃபுட்பால் ஒப்பந்த லீக்: எந்த வீரருக்கு எத்தனை ஆண்டு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பந்த லீக் மற்ற லீக்குகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஃபேன்டஸி ஃபுட்பாலில் நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டுகிறோம்; களத்தில் அவர்கள் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. வழக்கமான ஃபேன்டஸி லீக்கில் சீசன் முடிந்ததும் அணி கலைந்துவிடும். டைனஸ்டி லீக்கில் வீரர் உங்களிடமே இருப்பார். நீங்களாக விடும்வரை போகமாட்டார். ஒப்பந்த லீக் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் ஆண்டுச் சம்பளம் உண்டு, ஒப்பந்தக் காலம் உண்டு. அணிக்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. காலம் முடிந்த வீரர் மறுபடியும் எந்த அணிக்கும் சொந்தமில்லாத ஃப்ரீ ஏஜென்ட் ஆகி ஏலத்துக்கு வருவார். அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் 1994 முதல் சம்பள வரம்புக்குள் நடத்தும் போராட்டத்தின் சிறு வடிவம் இது.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே மாதிரி லீக்கை எடுத்துக்கொள்கிறேன்: 12 அணிகள், அணிக்கு 200 டாலர் வரம்பு, 1 முதல் 4 ஆண்டுவரை ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் நடுவில் வீரரை விடுவித்தால் மீதமுள்ள ஆண்டுகளின் சம்பளத்தில் பாதி உங்கள் வரம்பிலிருந்து கழியும். இந்த முடங்கிய பணத்தைத்தான் ‘டெட் கேப்’ என்கிறார்கள். உங்கள் லீக்கின் விதி வேறாக இருந்தால் கணக்கும் மாறும். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

நிறையப் பணம் கொடுத்து எடுக்கும் நட்சத்திர வீரரை நீண்ட காலத்துக்குப் பூட்டிவைப்பதுதானே சரி?

பெரும்பாலும் தவறு. ஃப்ரீ ஏஜென்சியில் நடக்கும் பிழைகளில் பாதி இந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

நீண்ட ஒப்பந்தம் உங்களுக்கு எப்போது லாபம் தருகிறது? வீரரின் சந்தை விலை வருங்காலத்தில் அவருடைய சம்பளத்தைத் தாண்டும்போது மட்டும். 6 டாலருக்கு எடுத்தவர் அடுத்த ஆண்டு 25 டாலர் மதிப்புக்கு உயர்ந்தால் ஆண்டுக்கு 19 டாலர் உங்கள் கையில் மிச்சம். அந்த மிச்சம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதே ஒப்பந்தத்தின் நீளம். ஆனால் 58 டாலர் கொடுத்து லீக்கின் தலைசிறந்த வீரரை எடுத்தவருக்கு மேலே போக இடம் எங்கே இருக்கிறது? அவர் அதே உச்சத்தில் நின்றால் நீங்கள் கொடுத்த விலைக்குச் சரியானதைப் பெறுகிறீர்கள், அவ்வளவுதான். ஒரு படி இறங்கினாலும் நஷ்டம். ஏலத்தில் வென்றவர் என்றாலே மற்ற 11 பேரையும்விட அதிகமாக மதிப்பிட்டவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே என் விதி மக்கள் இயல்பாக நினைப்பதற்கு நேர்மாறானது. சம்பளம் ஏறஏற ஆண்டு குறைய வேண்டும். மலிவாக, இளமையாக, இன்னும் முழுதாக வெளிப்படாமல் இருப்பவருக்கு ஆண்டுகளைக் கொடுங்கள். விலையுயர்ந்தவருக்குப் பணத்தைக் கொடுங்கள்.

விதிவிலக்கு உண்டா என்றால், உண்டு. 22, 23 வயதில் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் வைட் ரிசீவர் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்). அவரை மூன்று ஆண்டுக்கு எடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஓராண்டு ஒப்பந்தத்தில் அப்படி என்ன நன்மை?

தவறு தானாகவே அழிந்துவிடுகிறது. 40 டாலருக்கு ஓராண்டு எடுத்த வீரர் காலை வாரினால் அந்த சீசன் கெடும். அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் அந்த 40 டாலரும் முழுதாகத் திரும்பி வரும்.

ரன்னிங் பேக்குகளுக்கு எத்தனை ஆண்டு கொடுக்கலாம்?

பந்தை ஏந்தி ஓடும் இவர்களுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்கும் முன் நூறு முறை யோசியுங்கள். வயதை மட்டும் பார்த்தால் போதாது. 27, 28 வயதுக்குப் பிறகு சரிவு வரும் என்பது பழைய கணக்கு, அது பொதுவாகச் சரியும்கூட. ஆனால் இந்த இடத்தில் ஆடுபவர்களுக்கு உடைவு எந்த வயதிலும் வரலாம்.

டாட் கர்லியைப் பாருங்கள். 2017 சீசனின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். 2018 ஜூலையில் ராம்ஸ் அணி நான்கு ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. அந்த சீசனில் 21 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) அடித்தார். அதன் முடிவிலேயே முழங்கால் பேச்சு எழுந்தது, 2020 மார்ச்சில் அணி அவரை விடுவித்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 25. என்எஃப்எல் அணியின் மருத்துவர்களும் அலசல் நிபுணர்களும் சேர்ந்து எடுத்த முடிவே அப்படி முடிந்தது. வீட்டிலிருந்து விளையாடும் நமக்கு அவர்களைவிட அதிகம் தெரிந்திருக்க வழியில்லை.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இன்னொரு பாடம். 2019ல் ஓட்டத்திலும் பந்து பிடிப்பதிலும் தலா ஆயிரம் யார்டு கடந்தார். அடுத்த ஆண்டு ஆடியது 3 ஆட்டம், அதற்கடுத்த ஆண்டு 7. பிறகு 2023ல் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது. 2024ல் 4 ஆட்டங்கள். இந்த வரிசையில் எந்த இரண்டு ஆண்டைப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் மேதை அல்லது ஏமாளி. அவரை ஒவ்வோர் ஆண்டும் ஓராண்டு விலைக்கு வாங்கியவர் காயத்தின் சுமையை அடுத்த சீசனுக்குச் சுமந்து செல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

எதிர்த்தரப்பில் டெரிக் ஹென்றியைக் காட்டுவார்கள். 30 வயதில், ரேவன்ஸ் அணிக்கு மாறிய முதல் ஆண்டிலேயே, 2024ல் 1,921 யார்டு ஓடினார். உண்மை. ஆனால் கவனியுங்கள்: அந்த வயதில் ஏலத்துக்கு வந்தவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தவர்களும் அந்த யார்டுகள் அத்தனையையும் பெற்றார்கள். ஹென்றி நீண்ட ஒப்பந்தத்துக்குச் சான்று அல்ல. வயதான ரன்னிங் பேக்கைக் குறுகிய காலத்துக்குத் துணிந்து வாங்கலாம் என்பதற்குச் சான்று.

வைட் ரிசீவர்கள்?

நீண்ட ஒப்பந்தங்களின் இயல்பான இருப்பிடம் இவர்கள்தாம். மைக் எவன்ஸ் 2014 முதல் 2024 வரை, முதல் 11 சீசன்களிலும் ஒன்றுகூட விடாமல் ஆயிரம் யார்டு தாண்டினார். எல்லோரும் எவன்ஸ் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் இப்படி ஒரு தொடர்ச்சியை இன்றைய ரன்னிங் பேக் யாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. உச்ச சீசன் முடிந்த கையோடு, 28 வயதைத் தாண்டியவருக்கு நான்கு ஆண்டு கொடுக்காதீர்கள். கூப்பர் கப் 2021ல் 145 முறை பந்தைப் பிடித்து, 1,947 யார்டும் 16 டச் டவுனும் எடுத்தார். மூன்றிலும் லீக்கில் முதலிடம். அடுத்த சீசனில் 9 ஆட்டங்களோடு காயம் நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் ராம்ஸ் அவரை விடுவித்தது. 2022 ஏலத்தில் உச்ச விலைக்கு நான்கு ஆண்டு கொடுத்தவர் கடைசி மூன்று ஆண்டையும் வெறுங்கையோடுதான் கழித்திருப்பார்.

குவார்ட்டர்பேக், டைட் எண்ட்?

ஒரே குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மட்டும் ஆடும் லீக்கில் நீண்ட ஒப்பந்தத்தை இந்த இடத்தில் செலவழிப்பது வீண்; சந்தையில் எப்போதும் ஒருவர் கிடைப்பார். இரண்டு குவார்ட்டர்பேக் ஆடும் லீக்காக இருந்தால் கதை தலைகீழ். அங்கே 25 வயதுக்குட்பட்ட, இடம் உறுதியான குவார்ட்டர்பேக்குக்கு முழு நான்கு ஆண்டும் கொடுங்கள். வயதானவர்களிடம் மட்டும் கவனம்: 2023ல் ஆரன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸ் அணிக்காக நான்காவது ஆட்ட நகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்து சீசன் முழுவதையும் இழந்தார்.

டைட் எண்டுகள் (எதிரணியைத் தடுப்பது, பந்தைப் பிடிப்பது இரண்டையும் செய்பவர்கள்) மெதுவாக வளர்பவர்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் பலர் மலர்கிறார்கள். பிராக் பவர்ஸ் போல முதல் ஆண்டிலேயே 112 முறை பந்தைப் பிடிப்பவர் அபூர்வம். அதனால் முதல் ஆண்டில் சொதப்பி, விலை 2, 3 டாலராகச் சரிந்த நல்ல டைட் எண்டைத் தேடிப் பிடித்து மூன்று ஆண்டு கொடுப்பது எனக்குப் பிடித்த முதலீடு. டிராவிஸ் கெல்சி போன்ற மூத்தவர்களுக்கு ஆண்டுக்காண்டு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் லீக்கில் அதிகப் பணமும் அதிக ஆண்டும் சேர்த்துப் புள்ளி போடுவார்கள். சம்பளத்தை உயர்த்துவதா, ஆண்டைக் கூட்டுவதா?

இதுதான் இந்த விளையாட்டின் இதயம். பொறுமையாகப் பார்ப்போம்.

ஓர் உதாரண விதி: முதல் ஆண்டுச் சம்பளம் முழுதாகவும், இரண்டாம் ஆண்டு 80 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு 60 விழுக்காடும் புள்ளியாகக் கணக்கிடப்படும். அதிகப் புள்ளி பெறுபவருக்கே வீரர். எதிராளி ஓராண்டுக்கு 30 டாலர் கேட்கிறார். அவருக்கு 30 புள்ளி. நீங்கள் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 14 டாலர் கேட்கிறீர்கள். 14, 11.2, 8.4, கூட்டினால் 33.6 புள்ளி. வீரர் உங்களுக்கு. இந்த சீசனில் உங்கள் வரம்பில் 14 டாலர்தான் போகிறது, எதிராளி 30 டாலரை ஒதுக்கத் தயாராக இருந்த அதே வீரருக்கு.

சரி, முதல் ஆண்டிலேயே அவர் ஏமாற்றினால்? மீதம் 28 டாலர். பாதி அபராதம் 14. முதல் ஆண்டின் 14ஐச் சேர்த்தால் மொத்தம் 28. ஓராண்டுக்கு 30 டாலர் கேட்டவரைவிட, மிக மோசமான நிலையிலும் நீங்கள் 2 டாலர் குறைவாகத்தான் செலவழித்தீர்கள்! வீரர் மலர்ந்தால் இன்னும் இரண்டு ஆண்டுகள் 14 டாலரில் உங்களிடம் இருப்பார். இப்படிப்பட்ட விதியில் ஆண்டைக் கூட்டாமல் சம்பளத்தை மட்டும் உயர்த்துவது பணத்தைத் தெருவில் வீசுவது.

அபராதம் ஏறினால் முடிவு மாறும். இதே எண்களில் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய 57 விழுக்காடு. அதற்கு மேல் அபராதம் இருந்தால் மோசமான நிலையில் ஓராண்டு ஒப்பந்தமே மலிவு. மீதச் சம்பளம் முழுவதும் கழியும் லீக்கில் உங்கள் 14 டாலர் வீரர் 42 டாலர் வீரராகிவிடுவார். ஆகவே ஏலத்துக்கு உட்காரும் முன் இந்த ஒரு கணக்கை உங்கள் லீக்கின் விதியை வைத்துப் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாமலே பல சீசன் ஆடுபவர்கள் ஏராளம்.

இன்னொன்று: அபராதம் எந்த ஆண்டில் கழிகிறது என்று பாருங்கள். மொத்தமும் அடுத்த சீசனிலேயே விழுந்தால் அந்த சீசனில் நீங்கள் கோப்பைக்குப் போட்டியிடுவீர்களா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மீத ஆண்டுகளில் பிரிந்து விழுந்தால் வலி குறைவு.

உண்மையான என்எஃப்எல் ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

பாருங்கள், ஆனால் தலைப்புச் செய்தியில் வரும் ஆண்டையும் தொகையையும் நம்ப வேண்டாம். உறுதி செய்யப்பட்ட தொகை எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து அணி அவரை மலிவாக விடுவிக்கலாம் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். ஜோஷ் ஜேக்கப்ஸ் 2024ல் பேக்கர்ஸ் அணியோடு நான்கு ஆண்டு, 48 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். உறுதி செய்யப்பட்டது 12.5 மில்லியன் மட்டுமே. காகிதத்தில் நான்கு ஆண்டு. அணியின் உண்மையான கடமை அதைவிட மிகக் குறைவு. அவருக்கு ஃபேன்டஸியில் நான்கு ஆண்டு கொடுப்பவர் அவருடைய சொந்த அணியே கொடுக்காத வாக்குறுதியைக் கொடுக்கிறார்.

ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் வீரர் வேறொரு கேள்வி. அவர் அடுத்த மார்ச்சில் எந்த அணியில், யாருக்குப் பின்னால், எந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஆடுவார் என்பது தெரியாது. அணி மாறாவிட்டாலும் உறுதியில்லை: இதே ஜேக்கப்ஸ் 2022ல் 1,653 யார்டு ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அடுத்த ஆண்டு அதே ரெய்டர்ஸ் அணியில் 805 யார்டு. நீங்கள் கொடுக்கும் கடைசி ஆண்டு, வீரரின் உண்மை ஒப்பந்தத்தில் உறுதிப்பணம் தீரும் ஆண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான விபத்துகள் தவிரும்.

ஓர் அணியில் எத்தனை நீண்ட ஒப்பந்தங்கள் இருக்கலாம்?

பல லீக்குகள் தாமே உச்ச எண்ணிக்கை வைத்திருக்கும். இல்லாத இடத்தில் நான் தொகையைப் பார்ப்பேன்: இரண்டாம் ஆண்டுக்கு ஏற்கெனவே உறுதியாகிவிட்ட சம்பளம் வரம்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மூன்றாம் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்.

ஒப்பந்தங்கள் முடியும் ஆண்டுகளையும் வெவ்வேறாகப் பிரித்து வையுங்கள். எல்லோருடைய ஒப்பந்தமும் ஒரே மார்ச்சில் முடிந்தால் அந்தக் கோடையில் அணியை முதலிலிருந்து கட்ட வேண்டும். சந்தையில் அந்த ஆண்டு நல்ல வீரர்கள் வராமல் போனால் கைநிறையப் பணத்தோடு நின்று பார்க்க வேண்டியதுதான். ஒவ்வோர் ஆண்டும் நான்கைந்து வீரர்கள் விடுபடும்படி இருந்தால், கிடைப்பது எதுவாயினும் வாங்கும் சக்தி இருக்கும்.

ஏலத்தில் நீண்ட ஒப்பந்தங்களை முதலிலேயே பயன்படுத்துவதா, காத்திருப்பதா?

எண்ணிக்கை வரம்பு உள்ள லீக்கில் காத்திருங்கள். ஏலத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் பெரிய பெயர்களுக்குத் தங்கள் மூன்றாண்டு, நான்காண்டு வாய்ப்புகளைச் செலவழித்துவிடுவார்கள். பிற்பகுதியில் 23 வயது ரிசீவர் 5 டாலருக்கு வரும்போது, ஆண்டுகளை வைத்துப் பேசக்கூடியவர் நீங்கள் ஒருவர் மட்டுமே. மற்றவர்களிடம் எத்தனை நீண்ட வாய்ப்பு மிச்சம் இருக்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். மிச்சப் பணத்தைக் குறிப்பவர்கள் பலர். இதைக் குறிப்பவர்கள் குறைவு.

சீசன் நடுவில் கிடைக்கும் ஃப்ரீ ஏஜென்டுக்கு நீண்ட ஒப்பந்தம் தர விதி அனுமதிக்கிறது. தரலாமா?

தாராளமாக, சம்பளம் 1, 2 டாலராக இருக்கும்வரை. 2023ல் புக்கா நக்குவா, அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் தேர்வான புதுமுகம். முதல் ஆட்டத்திலேயே 10 முறை பந்தைப் பிடித்தார். சீசன் முடிவில் 105 பிடிப்பு, 1,486 யார்டு. இரண்டுமே அப்போது புதுமுக வீரருக்கான சாதனைகள். முதல் வாரம் முடிந்த இரவில் 2 டாலருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட்டவர் லீக்கின் முகத்தையே மாற்றியிருப்பார். தவறினால் இழப்பு? பாதி அபராதத்தில் 2 டாலர்.

ரன்னிங் பேக்காக இருந்தால் மட்டும் இங்கேயும் கையை அடக்குங்கள். 2020ல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத ஜேம்ஸ் ராபின்சன் ஜாகுவார்ஸ் அணியில் நுழைந்து ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடினார். 2021 டிசம்பரில் குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த அக்டோபரில் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். மலிவு விலை என்பதால் நஷ்டம் பெரிதில்லை, ஆனால் நீண்ட ஒப்பந்த வாய்ப்பு ஒன்று அவரிடம் சிக்கிக் கிடந்திருக்கும்.

காயத்தில் இருக்கும் நல்ல வீரர் ஏலத்துக்கு வந்தால்?

இரண்டு ஆண்டு. முதல் ஆண்டு குணமடைவதற்கு, இரண்டாவது உங்களுக்கு. ஓராண்டு கொடுத்தால் அவர் திரும்பும் சீசனை எதிராளி அனுபவிப்பார்.

எங்கள் லீக்கின் வரம்பு என்எஃப்எல் வரம்போடு சேர்ந்து உயர்கிறது. இதனால் ஏதாவது மாறுமா?

நிறைய மாறும். என்எஃப்எல் சம்பள வரம்பு 2021ல் 182.5 மில்லியன் டாலர்; 2025ல் 279.2 மில்லியன். நான்கே ஆண்டில் 53 விழுக்காடு உயர்வு. உங்கள் 200 டாலர் வரம்பு அதே வேகத்தில் ஏறினால் 306 டாலர் ஆகும். இன்று வரம்பில் 10 விழுக்காடாக இருக்கும் 20 டாலர் ஒப்பந்தம் அப்போது 6.5 விழுக்காடுதான். சம்பளம் மாறாத நீண்ட ஒப்பந்தம் நீங்கள் எதுவும் செய்யாமலே மலிவாகிறது. இத்தகைய லீக்கில் நான் சொன்ன எல்லா எல்லைகளையும் ஓர் ஆண்டு தளர்த்திக்கொள்ளலாம், ரன்னிங் பேக்குகளைத் தவிர. ஒப்பந்தச் சம்பளமும் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறும் என்ற விதி இருந்தால் இந்தச் சலுகை அடிபட்டுவிடும்.

இந்த ஆண்டு எனக்குக் கோப்பை வாய்ப்பு இல்லை. அப்போது?

ஓராண்டு ஒப்பந்தத்தில் மூத்த வீரர்களை வாங்குவதில் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று பேரை வாங்குங்கள். அக்டோபரில், கோப்பைக்குப் போட்டியிடும் அணிக்கு ஒரு ரன்னிங் பேக் தேவைப்படும்போது, ஓராண்டுச் சுமை மட்டும் உள்ள வீரரை அவர்கள் விரும்பி வாங்குவார்கள். அடுத்த ஆண்டின் புதுமுகத் தேர்வுரிமையை (டிராஃப்ட் பிக்) விலையாகக் கேளுங்கள். மிச்சப் பணத்தை முழுவதும் இளம் ரிசீவர்களின் மூன்றாண்டு, நான்காண்டு ஒப்பந்தங்களில் போடுங்கள். கோப்பைக்குப் போட்டியிடும் அணி இதற்கு நேர் எதிராக நடக்க வேண்டும்.

கிக்கர், தற்காப்பு அணி?

1 டாலர், ஓராண்டு. யார் அதிகம் கேட்டாலும் விட்டுக்கொடுத்துவிடுங்கள்.